ஊரைக் கெடுத்தது வந்தவர்களா?

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் ஊர், என் சின்ன வயதில் வயலும் ஏரியுமாக இருந்தது. இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பதினைந்து மாடி, இருபது மாடி. மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வெளியூர்க்காரர்கள் வந்துதான் ஊரைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னால், வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள். (சோழிங்கநல்லூர் வாசகர்)

பதில்: பிள்ளைகள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. வந்தவர்களைத் திட்டுகிறீர்கள், சரி, விற்றவர்கள் யார்? 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா என்ற கணினி நிறுவன வளாகம் திறந்தபிறகு தரகர்கள் உங்கள் ஊர்த் திண்ணைகளில் வந்து உட்கார்ந்தபோது, எழுந்து போ என்று எத்தனை பேர் சொன்னார்கள்? விவசாயம் கட்டுப்படியாகவில்லை, களை எடுக்க ஆள் இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது என்று விற்றவர்களுக்கு ஆயிரம் காரணம். அதில் பெரும்பாலானவை உண்மையான காரணங்கள், அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். விற்ற பணத்தில் வீடு கட்டி, மேலே இரண்டு போர்ஷன் எடுத்து, அதே வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவர்களும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

அப்புறம், 'வெளியூர்க்காரர்' என்று யாரைச் சொல்கிறீர்கள்? இருபது வருடக் கடன் வாங்கி மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வாங்கிய கணினிக்காரரையா? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் இருப்பவர்களையா? அவர்களில் பெரும்பாலானவர்கள் நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்த குடிசைகளிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள். வேலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். உங்கள் ஊரைக் கேட்டு வாங்கியவர்கள் இல்லை. இல்லை, தகரக் கொட்டகையில் தங்கி அந்த இருபது மாடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாரே வடமாநிலத் தொழிலாளி, அவரையா?

உங்கள் ஊர் கெட்டதற்கு ஆள் வந்தது காரணம் இல்லை. தண்ணீர் போகிற வழியை யாரும் பொறுப்பில் வைத்திருக்காததுதான் காரணம். அந்த அடுக்குமாடியில் குடியிருக்கும் யாரிடமாவது தாய்ப்பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். சொத்து விவரம் எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்தில் நான்கெல்லை இருக்கும்: வடக்கே இன்னார் நஞ்சை, தெற்கே ஏரி வாய்க்கால், கிழக்கே வண்டிப் பாதை. பத்து வருடம் கழித்து எழுதிய அடுத்த பத்திரத்தைப் பாருங்கள்: வடக்கே மனை எண் 14, தெற்கே 20 அடி ரோடு. வாய்க்கால் புறம்போக்கு, அதை விற்க யாருக்கும் உரிமை கிடையாது, பல இடத்தில் யாரும் விற்கவும் இல்லை. இரண்டு பக்கத்துக்காரரும் விற்றார்கள், நடுவில் இருந்தது தானாகவே காணாமல் போயிற்று!

நெல் விளைந்த காலத்தில் இது நடந்திருக்காது. மதகைத் திறக்க நீர்க்கட்டி என்று ஒரு ஆள் இருந்தார், கோடையில் ஊர் கூடி வாய்க்காலைத் தூர் வாரியது, ஒருவர் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டால் பஞ்சாயத்தே கூடும். (அந்தப் பஞ்சாயத்தில் எல்லாச் சாதிக்கும் இடம் இருந்ததா என்று கேட்காதீர்கள், இருக்கவில்லை. கிராமத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதை எப்போதும் மறந்துவிடுவார்கள்.) வயல் போனதும் அந்த வேலையும் போனது. அதை யார் கையில் கொடுப்பது என்று அரசாங்கம் யோசிக்கவே இல்லை. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சியை 426 ஆக்கினார்கள், உங்கள் பேரூராட்சியும் அதில் போயிற்று. சொத்து வரி ரசீது ஒழுங்காக வந்தது, பாதாளச் சாக்கடை வந்ததா? வீட்டுக் கழிவு லாரியில் போயிற்று, குடிக்கும் தண்ணீரும் லாரியில் வந்தது. 2019 கோடையில் அந்த லாரியும் கிடைக்காமல் உங்கள் சாலையில் இருந்த கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். அதே வருடம் வந்த கட்டட விதிகளில் உயர்மாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு 3.25. அதாவது, நிலத்தின் பரப்பைப் போல மூன்றேகால் மடங்கு: ஒரு கிரவுண்டுக்கு, அதாவது 2,400 சதுர அடி நிலத்துக்கு, 7,800 சதுர அடி வீதம் கட்டலாம். குழாய் போடுவதற்கு முன்னால் மாடி போட அனுமதி!

மழைத் தண்ணீருக்கோ இந்த விதி எதுவும் தெரியாது. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால் அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் வந்தாக வேண்டும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், கடல். 2015-லும் அப்படித்தான் வந்தது, 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படித்தான். நடுவில், 2022-இல், பள்ளிக்கரணைக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. சந்தோஷம். ஆனால் பல வருடமாக நகரத்துக் குப்பையைக் கொட்டி வைத்ததும் அதே சதுப்பு நிலத்தில்தான், பெருங்குடிப் பக்கம்.

வந்தவர்கள் திரும்பிப் போகப் போவதில்லை, நீங்களும் நெல் நடப் போவதில்லை. ஊரின் பழைய நிலஅளவை வரைபடத்தில் வாய்க்கால் எங்கே ஓடியது என்று உங்களைப் போன்ற பெரியவர்களுக்குத்தான் தெரியும், மூன்றாவது மாடிக்காரருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மழையிலும் அவருடைய காரும் மூழ்குகிறது, அதனால் கூப்பிட்டால் வருவார். 2022-இல் வந்த விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளுக்குள், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேச, பகுதி சபை என்று ஒன்று உண்டு. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். வரைபடத்தோடு இரண்டு பேரும் சேர்ந்து போய், அந்த வாய்க்கால் இன்று யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். மாநகராட்சி நீர்வளத் துறையைக் காட்டும், நீர்வளத் துறை வருவாய்த் துறையைக் காட்டும். விடாமல் எழுத்தில் பதில் வாங்கி எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.