விண்டோஸ் போடும்போது நின்றுவிடும் கணினி: எஸ்.எஸ்.டி.க்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலையும், இணையவழி விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தரும் வேலையும் செய்து வருகிறேன். 18 நாட்களுக்கு முன் வேலூரில் ஒரு கடையில் 14,500 ரூபாய்க்குப் பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கினேன். ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், நான்கு ஜி.பி. ரேம் இரண்டு. ஐந்தாம் நாளே, பிழை காட்டி நின்றுவிடும் நீலத்திரை வந்தது. கடைக்காரரிடம் போனில் சொன்னதற்கு, புதிதாக விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்தனுப்பினார். மூன்று முறை முயன்றேன். 37, 62, 41 என ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விழுக்காட்டில் ஹேங் ஆகி நின்றுவிட்டது. இப்போது, “எஸ்.எஸ்.டி. போய்விட்டது, மாற்ற 2,800 ரூபாய் ஆகும், ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி முடிந்துவிட்டது” என்கிறார். ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டுதான் கையில் இருக்கிறது. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்த 2,800 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள 37, 62, 41 என்ற எண்கள், பழுது எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வட்டில்தான் என்ற முடிவை எளிதில் ஏற்கவிடவில்லை. பென்டிரைவில் ஒரு கோப்பு கெட்டிருந்தாலோ, வட்டில் ஓரிடம் பழுதாகியிருந்தாலோ, நிறுவும் பணி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப நிற்கும். முறைக்கு முறை இடம் மாறினால், வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கடுத்து சூட்டையும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் நிறுவும்போது பல ஜி.பி. அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்பு ரேமில் விரிக்கப்பட்டுப் பிறகே வட்டில் எழுதப்படுகிறது என்பதால், கடையில் ஆன் செய்து காட்டியபோது தெரியாத ரேம் பழுது, இந்த வேலையின்போது வெளிப்பட்டுவிடும். ஐந்தாம் நாள் வந்த நீலத்திரையும் ரேம் பழுதில் அடிக்கடி காணப்படுவதுதான்.

மறுபடியும் நிற்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விசைப்பலகையில் அந்தச் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, மெதுவாக இருக்கிறது என்று பொருள். அரைமணி நேரமாவது காத்திருக்கலாம். விளக்கு அசையாவிட்டால் உண்மையாகவே நின்றுவிட்டது. திரையையும் விசையையும் சேர்த்துக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கடையில் பேசும்போது அது பேருதவியாக இருக்கும்.

அடுத்து, கேபினெட்டைத் திறக்காமலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்களுடையது டெல் கணினியானால், ஆன் செய்தவுடன் எஃப்12 விசையை விட்டுவிட்டு அழுத்தினால் வரும் பட்டியலில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’ இருக்கும், எச்.பி.யானால் எஃப்2 விசை. நிறுவனமே உள்ளே வைத்திருக்கும் இந்தச் சோதனை, ரேமையும் வட்டையும் தனித்தனியே பார்த்து முடிவு சொல்லும். செலவு எதுவும் இல்லை. அதில் ரேம் தேறிவிட்டாலும் நான் அத்துடன் நிற்கமாட்டேன். வேறொரு கணினியில் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து இந்தக் கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் ரேமோ அது பொருந்தும் இடமோ பழுது என்று கொள்ளலாம். வட்டு தேறி ரேம் தோற்றால், எஸ்.எஸ்.டி.யை மாற்றி ஒரு பயனும் இல்லை.

கேபினெட்டில் கடையின் ஸ்டிக்கர் சீல் இருந்தால் நீங்கள் திறக்கவே வேண்டாம். சீல் கிழிந்தது என்பதையே அவர்கள் காரணமாகச் சொல்லக்கூடும். சீல் இல்லையென்றால், மின்கம்பியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திவிட்டு, கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டபிறகு ரேம்களைக் கழற்றுங்கள். பொன்னிறப் பற்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். முதலில் ஒரு ரேமை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. பழைய கணினிகளில் வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டிருப்பதும் உண்டு என்பதால், அவற்றின் மேல் ஒட்டியுள்ள சீட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவுமீறிச் சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பிறகு கணினியே அணைந்துவிடும்; உங்களுடையது அணையவில்லை. ஆயினும் நம் வேலூர் வெயிலை மனத்தில் வைத்து, விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.

கடைக்காரர் கொடுத்த பென்டிரைவை மட்டும் இனிப் பயன்படுத்தாதீர்கள். விண்டோஸ் 11 முறைப்படி, சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த இன்டெல் பிராசஸர்களை ஏற்பதில்லை; உங்களுடையது ஆறாம் தலைமுறை என்பதால், அந்தப் பென்டிரைவில் விண்டோஸ் 11 இருந்தால் அது யாரோ திருத்தியதாக இருக்கக்கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 13.10.2026 வரை நீட்டிப்பு உண்டு. உங்கள் கணினி ஹேங் ஆவதற்கு இது காரணமில்லை. ஆனால் பிறருடைய ஆதார், வங்கி விவரங்களைக் கையாளும் உங்கள் கணினியில், யாரோ திருத்திய விண்டோஸ் இருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10-ஐ நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் உரிமை. பழுது ஐந்தாம் நாளே தெரிந்தது, நீங்களும் அன்றே சொல்லிவிட்டீர்கள். எனவே ஏழு நாள் முடிந்துவிட்டது என்பது பொருந்தாது. அன்று பேசிய அழைப்பு உங்கள் கைப்பேசியில் பதிவாகியிருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிகமுறை என்றே கூறுகிறது. சீட்டில் ஏழு நாள் என்று எழுதியிருக்கிறதா, வாய்ப்பேச்சு மட்டும்தானா என்று இன்றே பாருங்கள். எழுதியிராவிட்டால் உங்களுக்கு இன்னும் 12 நாட்கள் இருக்கின்றன. தொழிலுக்கு வாங்கியது என்பதால் நீங்கள் நுகர்வோர் அல்லர் என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பவர், தம் வாழ்வாதாரத்துக்காகவே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

சோதனை முடிவின் படத்துடன், ரேமை மாற்றித் தர வேண்டும் அல்லது கணினியை எடுத்துக்கொண்டு 14,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, வாட்ஸ்அப்பில் ஒன்றும் பதிவுத் தபாலில் ஒன்றுமாகக் கடைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. முறையான பில் இல்லாவிட்டாலும் எஸ்டிமேட் சீட்டும் ஜிபே பதிவும் சேர்ந்தால் வாங்கியதற்குச் சான்றாக வைக்கலாம். கணினியின் பின்புறம் உள்ள வரிசை எண்ணை அந்தச் சீட்டில் எழுதித் தரும்படி, கடைக்கு எடுத்துச் செல்லும் நாளிலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.