கேபிள் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, கணினியில் ஃபோன் தெரியவில்லை. பாடல்களை எப்படி மாற்றுவது?

முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். இதே இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தவன் நான். அப்பாவின் பழைய கணினியில் இருந்த 1,800 பாடல்களை அவருடைய ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏற்ற வேண்டியிருந்தது. ஃபோனைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், கணினியை நான்கு முறை அணைத்துப் போட்டேன், ஃபோனைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கையில் இருந்தது பேருந்து நிலையத்தில் அறுபது ரூபாய்க்கு வாங்கிய கேபிள். அந்த மாதிரிக் கேபிள்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். தகவல் போவதற்கான கம்பிகள் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஃபோனோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

செருகியதும் ஃபோனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து திரையை இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி விண்டோஸில் ஃபோன் தெரியும். அதிலுள்ள 'மியூசிக்' ஃபோல்டரில் பாடல்களை ஒட்டினால் போதும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. அப்பாவின் பாடல்கள் மொத்தம் 9 ஜிபிக்குப் பக்கம் வந்தன. மொத்தத்தையும் ஒரேயடியாக இழுத்துப் போடாதீர்கள். நடுவில் நின்றுவிட்டால் எது போனது, எது போகவில்லை என்று தேடி மாளாது. ஃபோல்டர் ஃபோல்டராகப் போடுங்கள்.

ஐஃபோன் என்றால் இந்த வழி உதவாது. விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி, புதிய மேக்கில் ஃபைண்டர் வழியாக ஏற்ற வேண்டும்.

எனக்கு இன்னொரு வேடிக்கையும் காத்திருந்தது. ஒரு ஃபோல்டரில் இருபது பாடல்கள், எல்லாம் சேர்ந்து 1 கேபிகூட இல்லை! அப்பா ஆடியோ சிடியிலிருந்து கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறார். சிடிஏ என்று முடியும் அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். பாட்டு சிடியில் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும், பாட்டு இருக்காது. நல்ல வேளையாக சிடி பரணில் கிடந்தது. அதைக் கணினியில் போட்டு, எம்பி3 ஆக மாற்றி எடுத்தேன்.

எல்லாம் ஏறிய பிறகு அப்பா ஃபோனைப் பார்த்துவிட்டு, "என் பாட்டெல்லாம் எங்கே?" என்றார். ஃபோனிலிருந்த பிளேயர் ஃபோல்டர் பெயரைக் கண்டுகொள்ளவில்லை. கோப்புக்குள் பதிந்திருக்கும் பாடகர், ஆல்பம் பெயர்களைத்தான் படித்தது. பாதிக்கு மேல் பாடல்களில் அவை காலியாக இருந்ததால், எல்லாம் 'அன்னோன் ஆர்ட்டிஸ்ட்' என்ற ஒரே குவியலில் கிடந்தன. விஎல்சி என்ற பிளேயர் செயலியை நிறுவிக் கொடுத்தேன். அதில் ஃபோல்டர் வாரியாகவே திறந்து கேட்கலாம். அவர் வைத்த பெயர்கள் அப்படியே வந்தன: விடியற்காலை, மழை, அம்மாவுக்கு, சும்மா. இதில் 'சும்மா'வில்தான் பாடல்கள் அதிகம், எழுநூறுக்கு மேல்.