ஆர்கானிக் கீரைக்கு இரு மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்காக வாரந்தோறும் தேக்கா சந்தையில் கீரை வாங்குகிறேன். பேரங்காடியில் ‘ஆர்கானிக்’ என்று ஒட்டியிருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள் மகள். விலையோ ஏறக்குறைய இரு மடங்கு. அதில் சத்து அதிகமா? அந்த முத்திரையை நம்பலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: சத்துக்காக மட்டும் என்றால் அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, வைட்டமின் அளவில் இரு வகைக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் பூச்சிமருந்து எச்சம் ஆர்கானிக் விளைபொருளில் குறைவாகவே காணப்பட்டது. வாடிப்போன ஆர்கானிக் கட்டைவிட அன்று காலை வந்திறங்கிய சாதாரண அரைக்கீரையே மேல் என்பேன்.

இயற்கை வேளாண்மையின் பெரும்பலன் விளைநிலத்துக்கே போய்ச் சேருகிறது. யூரியா என்னும் ரசாயன உரம் பயிருக்குத் தழைச்சத்தை (நைட்ரஜன்) தருமே தவிர, மண்ணில் மட்கைச் சேர்ப்பதில்லை. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரச்செடிகளை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துவைத்த தழைச்சத்தும், மட்கிப்போகும் இலைதழையும் ஒருங்கே மண்ணுக்குக் கிடைக்கின்றன. மண் பொலபொலவென்றாகி ஈரத்தைக் கூடுதல் நாள் தாங்குகிறது. முகக்கவசம்கூட இல்லாமல் மருந்து தெளிக்கும் கூலித்தொழிலாளியின் உடல்நலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயினும், ஆர்கானிக் என்றாலே மருந்து படாதது என்று எண்ணிவிடாதீர்கள். வேப்பெண்ணெயும், பல நாட்டு விதிகளின்படி செம்பு சேர்ந்த பூஞ்சைக்கொல்லிகளும் அனுமதிக்கப்பட்டவையே. விளைச்சல் பெரும்பாலும் குறைவு, களையெடுக்க ஆள்கூலி அதிகம். விலை ஏறுவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

முத்திரைக்கு வருவோம். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியாவதால், பொட்டலத்தில் பெரும்பாலும் விளைந்த நாட்டின் சான்றிதழைத்தான் பார்ப்பீர்கள்: ‘இந்தியா ஆர்கானிக்’, மலேசியாவின் ‘மைஆர்கானிக்’, ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை ஆகியவை அத்தகையவை. இவற்றின் பின்னால் கண்டிப்பான விதிகள் உள்ளன. அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்தைய 3 ஆண்டுகள் அந்த நிலத்தில் தடைசெய்யப்பட்ட உரமோ மருந்தோ இட்டிருக்கக் கூடாது. சிங்கப்பூரும் 2017ஆம் ஆண்டில் ‘எஸ்எஸ் 632’ என்னும் ஆர்கானிக் விளைபொருள் தரநிலையை வெளியிட்டது. சான்றளித்த அமைப்பின் பெயர் இல்லாமல் வெறுமனே ‘இயற்கை’ என்று அச்சிட்ட பொட்டலத்துக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம். உள்ளூர் அடுக்குப் பண்ணைகளின் கீரையில் காணும் ‘பூச்சிமருந்து இல்லை’ என்ற வாசகமும் வேறு பொருள் கொண்டது. மூடிய அறையில், உரக்கரைசல் கலந்த நீரில் வளர்வதால் அங்கே மருந்துக்குத் தேவை இருப்பதில்லை. ஆனால் அந்தக் கரைசல் பொதுவாக ரசாயன உப்புகளால் ஆனது. பிள்ளைகளுக்குக் கொடுக்க அது நல்ல கீரைதான், ஆர்கானிக் என்ற பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது.

செலவைப் பங்கிட வேண்டுமானால், தோலுரிக்காமல் சமைக்கும் கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் ஆகியவற்றை மட்டும் ஆர்கானிக்காக வாங்குங்கள். வாழைப்பழத்துக்கும் வெங்காயத்துக்கும் அது வேண்டியதில்லை. எந்தக் கீரையானாலும் வேரை நறுக்கிவிட்டு, இலைகளைப் பிரித்து, ஓடும் குழாய்நீரில் அலசுங்கள். பாத்திரத்தில் ஊறவைத்த அதே நீரோடு வடிகட்டினால் அடியில் தங்கிய மண் மீண்டும் இலையில் ஒட்டிக்கொள்ளும்.