கப்பலில் ஏறும் முன் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 58. சிங்கப்பூரிலிருந்து 4 இரவுக் கப்பல் பயணம் போக ஆசைப்படுகிறோம். ராயல் கரீபியன், ஜென்டிங் ட்ரீம் என்று இரண்டைச் சொல்கிறார் ஏஜென்ட். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு விளம்பரங்களிலும் உணவகங்களின் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் சைவம், மனைவி முட்டையும் தொடமாட்டார். எதில் போகலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: ஐயா, உங்கள் மனைவி முட்டை தொடமாட்டார் என்பதை வைத்தே முடிவெடுங்கள். ஜென்டிங் ட்ரீமில் போங்கள் என்பேன். அங்கே லிடோ என்ற பஃபே கூடத்தில் இந்தியச் சைவ உணவுக்குத் தனிப் பகுதி உண்டு. வேளாவேளைக்கு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ராயல் கரீபியன் சிங்கப்பூருக்கு அனுப்பும் குவாண்டம் ரகக் கப்பல்கள் இன்னும் பெரியவை. கேபினுக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 4,000 பேருக்கு மேல் ஏறுவார்கள். மேடை நிகழ்ச்சிகளும், கடலுக்கு மேலே உயர்த்திக் காட்டும் கண்ணாடிக் கூண்டும் அருமை. பேரப்பிள்ளைகளோடு போவதாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விளம்பரத்தில் போடும் உணவக எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். காபிக் கடை, ஐஸ்கிரீம் கடை வரை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்கள். டிக்கெட்டிலேயே அடங்கியவை பெரும்பாலும் பிரதான உணவுக்கூடம், பஃபே, பீட்சா மாதிரியான இரண்டு மூன்று சின்னக் கடைகள். மற்றவற்றுக்குத் தனிக் காசு. அந்தத் தனிக் காசு உணவகங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: ஒன்று இறைச்சி வாட்டும் இடம், ஒன்று ஜப்பானிய மீன் உணவு, இன்னொன்று கடலுணவு. அவற்றில் உங்களுக்கு என்ன வேலை? ஏஜென்டிடம், “டிக்கெட் பணத்திலேயே நாங்கள் இருவரும் மூன்று வேளையும் சாப்பிடக்கூடிய இடங்கள் எவை? பெயரோடு எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள்.

முட்டை விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. கப்பல் சமையலறையின் அகராதியில் ‘வெஜிடேரியன்’ என்றால் இறைச்சியும் மீனும் இல்லை என்று மட்டுமே பொருள். முட்டை, பாலாடைக்கட்டி எல்லாம் அதில் அடக்கம். கேக்கில் முட்டை இருக்கும். தளதளவென்று ஆடும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. ஆகவே முன்பதிவின்போதே ‘முட்டை இல்லாத இந்தியச் சைவம்’ என்று குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதற்கு மின்னஞ்சலில் சான்று வாங்குங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் ‘ஜெயின்’ என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஏறிய அன்று மதியம் எல்லோரும் பஃபேக்குத்தான் ஓடுவார்கள். தட்டும் கையுமாக உட்கார இடம் தேடி அலைவதைப் பார்த்தால் நான்கு நாளும் இப்படித்தானோ என்ற கவலை வந்துவிடும். அப்படி இருக்காது. அன்று மாலையே பிரதான உணவுக்கூடத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துப் பேசுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, முதல் நாள் அவருக்குக் கிடைத்தது வேகவைத்த காரட்டும் உருளைக்கிழங்கும்தான். பரிமாறிய இந்தோனேசிய இளைஞர் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்து, “நாளைக்கு என்ன சாப்பிடுவீர்கள்?” என்று தானாகவே கேட்டார். மறுநாள் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பருப்பு, சீரகச் சாதம், நீளவாக்கில் நறுக்கி வதக்கிய வெண்டைக்காய். கடைசியில் அம்மா புளிப்பில்லாத வெறும் தயிர் கேட்டார், வந்தது. மூன்றாம் நாள் கேட்காமலேயே தயிர் மேசையில் இருந்தது. முந்தின இரவே சொல்லிவைத்தால் இந்தச் சமையலறைகள் நிறையச் செய்யும். பசியோடு உட்கார்ந்த பிறகு சொன்னால் காரட்தான்.

கேபினுக்கும் ஒரு வார்த்தை. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட கேபின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே மட்டும் எடுக்காதீர்கள். அப்படி ஒரு முறை எடுத்துவிட்டு, விடியற்காலையில் தலைக்கு மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தத்தில் தினமும் எழுந்து உட்கார்ந்தேன். தளவாரியான வரைபடம் இணையத்திலேயே கிடைக்கிறது. உங்கள் கேபின் எண்ணுக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உங்கள் வயதுக்கு மருத்துவக் காப்பீடு அவசியம். கப்பல் டாக்டரின் கட்டணம் உங்கள் கேபின் பில்லில் ஏறிவிடும், அது சிறிய தொகையாக இருக்காது. பாலிசியில் கப்பல் பயணம் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். கப்பல் மறுபடியும் சிங்கப்பூருக்கே திரும்புவதால், இரண்டாம் முறை நுழையவும் விசா இடம் கொடுக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் நால்வர், பிள்ளைகளுக்கு 9, 13 வயது. ராயல் கரீபியனில் டிக்கெட் போட்டாயிற்று. பானப் பேக்கேஜ், உணவகப் பேக்கேஜ் இரண்டையும் இப்போதே வாங்கினால் தள்ளுபடி என்கிறார்கள். ‘கிராஜுவிட்டி’ என்று வேறு தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள். அது என்ன?
– வாசகி, கோவை

பதில்: பணி ஓய்வில் கைக்கு வரும் கிராஜுவிட்டி இல்லை அம்மா, இது ஊழியர்களுக்கான டிப்ஸ். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் கணக்கிடுவார்கள். ராயல் கரீபியனில் 2025இல் சாதாரணக் கேபினுக்கு இது 18.50 அமெரிக்க டாலர், குழந்தைகளுக்கும் உண்டு. நீங்கள் நால்வர், 4 இரவு என்றால் 296 டாலர். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த கப்பல் இந்த இடத்தில்தான் விலை ஏறும். வரவேற்பு மேசையில் சொல்லி இந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கேபினைத் துடைப்பவரும் தட்டு எடுப்பவரும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வேலை செய்பவர்கள்; அவர்களுடைய வருமானத்தில் இது பெரும்பங்கு.

பானப் பேக்கேஜ் வேண்டாம். மதுப் பேக்கேஜை ஒரு கேபினில் ஒரு பெரியவர் எடுத்தால் அதே கேபினில் உள்ள மற்றப் பெரியவரும் எடுத்தாக வேண்டும் என்பது பொதுவான விதி. கணவர் மட்டும் இரண்டு பீர் குடிப்பார் என்றால், குடிக்கிற அன்று காசு கொடுத்துக்கொள்வதே லாபம். தண்ணீர், தேநீர், சாதாரணக் காபி, காலை உணவின் பழச்சாறு எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். பிள்ளைகள் கோக் இல்லாமல் இருக்கமாட்டார்கள் என்றால், அவர்களுக்குக் குளிர்பானப் பேக்கேஜ் மட்டும் யோசிக்கலாம்.

உணவகப் பேக்கேஜ் ஏழு இரவுப் பயணத்துக்குச் சரி. நான்கே இரவில், அதுவும் இரண்டு பகல் துறைமுகத்தில் இறங்கிச் சுற்றப்போகிறீர்கள் என்றால், கொடுத்த பணத்துக்கு ஈடாகாது. மிகவும் ஆசையாக இருந்தால் ஒரே ஓர் இரவு, ஒரே ஓர் உணவகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் ரொக்கம் புழங்காது. கேபின் கதவைத் திறக்கும் அட்டையைத்தான் கடையிலும் நீட்டுவீர்கள். பர்ஸைத் திறக்காததால் செலவு உறைக்காது. தினமும் படுக்கப் போகும் முன் செயலியிலோ வரவேற்பு மேசையிலோ பில்லைப் பாருங்கள். நீங்கள் வாங்காதது ஏறியிருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் காலை வரிசை நீளமாக இருக்கும். பிள்ளைகளின் அட்டையில் செலவுக்கு வரம்பு வைக்கச் சொல்லவும் முடியும். ஏஜென்ட் டி.சி.எஸ். என்று வரி பிடித்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளிநாடு போகாமல் சென்னையிலிருந்தே கிளம்பும் கார்டெலியா கப்பல் எப்படி?
– வாசகர், வேலூர்

பதில்: சாப்பாட்டுக்கு நிம்மதி. நம் நாட்டுப் பயணிகளை நம்பி நடப்பதால் இந்தியச் சமையலும் ஜெயின் உணவும் இயல்பாகவே கிடைக்கும். ஆனால் கார்டெலியா நிறுவனம் ஓட்டும் எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல், முன்பு ராயல் கரீபியனிடம் இருந்தது. கேபின்கள் சிறியவை. சிங்கப்பூர்க் கப்பலின் படங்களைப் பார்த்துவிட்டு ஏறினால் ஏமாற்றமாக இருக்கும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போகத் தொடங்கியது. எல்லா மாதமும் சென்னையில் இருக்காது என்பதால் தேதியை முதலில் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடா ஆடும். குமட்டலுக்கு மாத்திரை கையில் இருக்கட்டும்.

கேள்வி: முன்பதிவில் பால்கனிக் கேபின் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஏறிய பிறகு ஜன்னலே இல்லாத உள் கேபின் கொடுத்தார்கள். ஏஜென்ட் கப்பல்காரர்களைக் கைகாட்டுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை

பதில்: வழக்குப் போடும் நிலை வந்தால் ஏஜென்ட், கப்பல் நிறுவனம் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். பணம் வாங்கியவர் ஏஜென்ட் என்பதால் அவர் நழுவ முடியாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரே போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். முன்பதிவுத் தாள், பணம் கட்டிய சான்று, கேபின் எண் தெரியும் அட்டை, ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இன்றே பிரதி எடுத்து வையுங்கள். அந்தக் கேபினைப் படம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.