கோத்தகிரி, கூடலூர் பக்கம் "சிலோன்காரங்க" இவ்வளவு பேர் இருப்பது எப்படி?

அவர்களை அகதிகள் என்று நினைத்துத்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். இவர்களில் பெரும்பாலானோர் அகதிகள் இல்லை, தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி, இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழியில் வந்து இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேரை இலங்கை ஏற்க வேண்டும். யார் எங்கே போவது என்பதை இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்தன, அந்த மக்களின் பிரதிநிதிகளை ஒரு வார்த்தை கேட்காமலே. எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். தாத்தா காலத்தில் விட்டுப்போன திருச்சி, புதுக்கோட்டை கிராமங்களில் நிலமும் இல்லை, தெரிந்த வேலையும் இல்லை. தெரிந்ததெல்லாம் தேயிலை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, இப்போதைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். அப்புறம், கீழே பிழைக்க முடியாதவர்களும் சொந்தக்காரர்களைத் தேடி மலையேறி வந்து, நீலகிரியின் படுகர் சமூகத்தாருடைய தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறித்தார்கள்.

அந்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் கனமான தேங்காய்ப்பூ ரொட்டி, பக்கத்தில் சிவக்க இடித்த சம்பல். டிரங்குப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில், தாயகம் திரும்பியபோது கொடுத்த பழைய குடும்ப அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அதுதான் ஆதாரம்.