வாசகர் கேள்வி பதில்: இடது கையில இருக்கு விஷயம்

கேள்வி: என் மக பியானோ படிக்கிறா. இப்ப ஷோப்பான்னு ஒரு போலந்து இசையமைப்பாளரோட ஈ மைனர் ப்ரெலூட், சின்ன பியானோ துண்டு ஒண்ணு, குடுத்திருக்காங்க. ஒரு மாசமா கேக்குறேன், வலது கையில ரெண்டு சுரம் போயிட்டு போயிட்டு வருது, இடது கை ஒரே மாதிரி தட்டிக்கிட்டே இருக்கு. இவர பாத்துதான் பின்னாடி வந்தவங்க எல்லாம் மாறினாங்கன்னு டீச்சர் சொல்றாங்க. இதுல அப்பிடி என்னங்க இருக்கு? (ஒரு அப்பா, ஹட்டன்)

பதில்: அண்ணே, உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு, அந்த ரெண்டு சுரம் ரெண்டு சுரம்தான். இன்னைக்கு சாயந்தரம் மகள வலது கைய மடியில வச்சிட்டு இடது கைய மட்டும், அதுவும் மெதுவா, வாசிக்கச் சொல்லுங்க. ஒரே மாதிரி தட்டுதுன்னு நெனச்சீங்கல்ல, அது இறங்கிக்கிட்டே இருக்கும். மூணு சுரமும் சேந்து இறங்காது, ஒண்ணு அரைச்சுரம் கீழ வரும், மத்தது நிக்கும், அப்புறம் இன்னொண்ணு. மழை நேரத்துல கொழுந்துக் கூடையோட சறுக்குற பாதையில ஆளுங்க ஒருத்தர் கால் வச்சப்புறம் அடுத்தவர் வைக்கிற மாதிரி. நடுவுல வர்ற கார்டு, அதாவது சேந்து ஒலிக்கிற சுரக்கூட்டம், பலதுக்கு சட்டுனு ஒரு பேர் வைக்க முடியாது, எந்தப் பக்கம் போகப்போகுதுன்னும் தெரியாது. மொத்தமே 25 பார், அதாவது தாளக்கட்டம்தான், அதுக்குள்ள இவ்வளவு.

இது ஷோப்பான் சுருதிக்கு ஒண்ணா எழுதின 24 ப்ரெலூடுல ஒண்ணு, அந்த 24ம் அச்சுல வந்தது 1839ல. கார்டு எங்க போய் நிக்கும்னு தெரியாம ஆள தொங்க விடுறதுக்கு பேர்போன ஜெர்மன்காரர் வாக்னரோட ட்ரிஸ்டான்ங்கிற ஓபரா (பாட்டு நாடகம்) மேடை ஏறினது 1865ல, அதுக்குள்ள ஷோப்பான் செத்து 16 வருஷம். ஷோப்பான் 1849ல பாரிஸ்ல செத்தப்ப சாவு பூசையில இதே ஈ மைனர் ப்ரெலூட ஆர்கன்ல வாசிச்சாங்க, மககிட்ட சொல்லுங்க, வாசிப்பு தானா மாறும்.

பின்னாடி வந்தவங்கள்ல கடன் அதிகம் பட்டவர்னா நான் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியத்தான் சொல்லுவேன். கார்ட பாட்டுக்கு முட்டுக் குடுக்குற கம்பா வைக்காம அதோட நிறத்துக்காகவே வைக்கலாம்னு அவர் போன வழிக்கு ஆரம்பம் இங்கதான். 1915ல சண்ட நேரம், ஜெர்மன்காரங்க அச்சடிச்ச புக் பிரான்சுல கெடைக்கல, பதிப்பகம் ஷோப்பானோட இசைய சரிபாத்துக் குடுக்குற வேலைய டெபுஸிகிட்ட குடுத்துச்சு, அதே வருஷம் அவர் 12 எத்தியூத், அதாவது கைப்பயிற்சித் துண்டு, எழுதி ஷோப்பான் நினைவுக்குன்னு வச்சாரு. ரஷ்யாக்காரங்க ஸ்கிரியாபின், ஷொஸ்டகோவிச் ரெண்டு பேரும் 24 ப்ரெலூட் எழுதினப்ப ஷோப்பான் வச்ச சுருதி வரிசையவே அப்பிடியே எடுத்துக்கிட்டாங்க. பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்துல ப்ரெலூட்னா பின்னாடி வர்ற ஃப்யூகுக்கு (ஒரே மெட்டு பல குரல்ல துரத்திக்கிட்டு வர்ற துண்டு) வாசல்படி. ஷோப்பான் வாசல்படிய மட்டும் கட்டி இதுதான் வீடுன்னுட்டாரு.

ஷோப்பான் எழுதின மஸூர்க்கா பத்தி நீங்க கேக்கல, ஆனா நம்ம மலைக்காரங்களுக்கு சொல்லாம விட மனசில்ல. அது போலந்து கிராமத்து ஆட்டம். அதுல சிலதுல மத்திமம் தூக்கலா வரும், நம்ம கல்யாணி ராகத்துல வர்ற மாதிரி. 1920கள்ல இன்னொரு போலந்துக்காரர் ஷிமனோவ்ஸ்கி அதே மஸூர்க்காவுக்குள்ள அங்க உள்ள டாட்ரா மலைச்சனங்களோட பாட்ட கொண்டுவந்து போட்டு 20 எழுதினாரு.

கேள்வி: நாக்டர்ன்ங்கிற ராத்திரி இசைத் துண்டு ஷோப்பான் கண்டுபிடிச்சது இல்லையாமே? (கண்டி வாசகி)

பதில்: இல்லதான் அக்கா. அந்தப் பேர்ல முதல்ல எழுதினது ஐரிஷ்காரர் ஜான் ஃபீல்ட். இடது கை கார்ட உடைச்சு உருட்ட, வலது கை பாட, அந்த அமைப்பும் அவரோடதுதான். ஷோப்பான் அதுக்குள்ள இத்தாலி ஓபரா பாடகிங்க இழுக்குற இழுப்பையும் நடுவுல ஒரு புயலையும் சேத்தாரு. பிறகு பிரெஞ்சுக்காரர் ஃபோரே 13 நாக்டர்ன் எழுதினாரு, அவருக்கு முன்னால நின்னது ஃபீல்ட் இல்ல, ஷோப்பான்தான்.

கேள்வி: ருபாட்டோன்னா, அதாவது காலத்த கொஞ்சம் முன்ன பின்ன வாசிக்கிறதுன்னா, இஷ்டத்துக்கு இழுக்கலாமா? நான் இழுத்தா டீச்சர் திட்டுறாங்க. (பண்டாரவளை மாணவன்)

பதில்: தம்பி, திட்டுறது சரி. இடது கை காலத்த விடக்கூடாது, வலது கை முன்ன பின்ன போகலாம், ஷோப்பான் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தார்னு அவர்கிட்ட படிச்சவங்க சொல்லி வச்சிருக்காங்க. காமன் கூத்து பாத்திருப்ப. பாடுறவர் எவ்வளவு இழுத்தாலும் தப்பு மேளக்காரர் கை நிக்குமா? உனக்கு ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குள்ள இருக்கணும், அதான் கஷ்டம். லயம்னா நம்ம பக்கம் தோட்டத்து வீட்டு வரிசைதான் மொதல்ல ஞாபகம் வரும், இது தாளத்தோட லயம். ரெண்டு வாரம் மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) போட்டு இடது கை மட்டும் வாசி, அப்புறமா பாட்ட மேல வாயால பாடிப் பாரு, வலது கைய கடைசியா கொண்டுவா.