நண்பருக்கு எந்த நாவலைக் கொடுப்பது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் திரும்பத் திரும்பப் படிக்கும் நாவல் ‘மோகமுள்’. பட்டுச் சேலை வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் என் பால்ய நண்பர், படிக்க ஏதாவது கொடுக்கச் சொன்னபோது அதைத்தான் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, “ஓடவில்லை” என்று ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையில் என் மனம் புண்பட்டது. குறை யாரிடம்?
வாசகர், கும்பகோணம்

பதில்: குறை என்று யாரையும் சொல்வதற்கில்லை. பால்ய நண்பர் காபிக்கு எத்தனை சர்க்கரை போடுவார் என்பது நமக்குத் தெரியும். அவர் கடைசியாக முழுவதும் படித்து முடித்த புத்தகம் எது என்பது பெரும்பாலும் தெரியாது. ஆளைத் தெரிந்தால் அவருடைய வாசிப்பும் தெரிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு, நமக்குப் பிடித்ததை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

உங்கள் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். தி. ஜானகிராமன் பாபுவையும் யமுனாவையும் ரங்கண்ணாவையும் வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் கதை சொல்கிறார். சங்கீதத்தில் காது உள்ளவருக்கும், ஒரு மனிதன் தன் ஆசையோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நிற்பதைக் கூட இருந்து பார்க்கும் பொறுமை உள்ளவருக்கும் அந்த நிதானமே ருசி. “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அதே நிதானம் தடையாகத் தெரியும். கதை நடப்பது சொந்த ஊரில் என்பதற்காக மட்டும் யாரும் நாவலைப் படித்து முடித்துவிடுவதில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தில் இரண்டு உங்களுக்குப் பொருந்தும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். பரிந்துரை செய்பவர்கள் இரண்டாவதை நினைவில் வைத்துக்கொண்டே முதலாவதை மறந்துவிடுகிறார்கள். தமக்குப் பிடித்த நாவலுக்கு ஆள் தேடுகிறார்களே தவிர, கேட்டவருக்கு நாவல் தேடுவதில்லை.

ஆகவே அடுத்த முறை புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர் இளமையில் எதைப் படித்தார், இப்போது எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து படிக்கிறார் என்று கேளுங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தலைமுறை அது. அவரும் அப்படிச் செய்தவர் என்றால், அத்தியாய முடிவில் ஒரு கொக்கி போட்டு நிறுத்தும் கதைக்குப் பழகியவராக இருப்பார். ‘பொன்னியின் செல்வ’னை மறுபடி எடுத்துக் கொடுத்தாலும் ஆவலோடு தொடங்குவார். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்த முதல் அத்தியாயம், படிக்கும் பழக்கம் விட்டுப்போன எத்தனையோ பேரைத் திரும்ப இழுத்து வந்திருக்கிறது.

உங்கள் நண்பருக்கென்றே ஒரு நாவல் சொல்ல வேண்டுமானால் எம். வி. வெங்கட்ராம் எழுதிய ‘வேள்வித் தீ’யைச் சொல்வேன். கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைத் தறிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது, எழுதியவரும் ஜரிகை வியாபாரம் செய்தவர், அளவிலும் சிறியது. ஆனால் ஒரு எச்சரிக்கை. வாழ்நாள் முழுவதும் பட்டோடு புழங்கியவர் ஓய்வு நேரத்திலும் அதையேவா படிக்க விரும்புவார்? சிலர் விரும்புவார்கள், சிலர் தலைதெறிக்க ஓடுவார்கள். அதையும் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. எதைக் கொடுத்தாலும் ஒன்றே ஒன்றைக் கொடுங்கள், பார்க்கும்போதெல்லாம் “எதுவரைக்கும் வந்தீர்கள்?” என்று விசாரிக்காதீர்கள். அந்த விசாரிப்புக்குப் பயந்தே நாவலை மூடி வைத்தவர்களை நான் அறிவேன்.

கேள்வி: எடுத்த நாவலைப் பாதியில் நிறுத்துவது தவறா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: தவறே இல்லை. பாதி படித்துவிட்டு முழுவதும் படித்ததாக நண்பர்களிடம் சொல்லி, அதையே அவர்களுக்குப் பரிந்துரையும் செய்வதுதான் தவறு.

கேள்வி: கீழ்வெண்மணியைப் பற்றிய நாவல்களை எங்கள் கல்லூரி நண்பர்கள் வட்டத்தில் பரிந்துரைக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கச் சொல்லலாம்?
மாணவி, திருவாரூர்

பதில்: 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள் என்பதையும், அதற்குப் பின்னால் இருந்த கூலிப் போராட்டத்தையும் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ளட்டும். நாவல் அதற்குப் பிறகு வர வேண்டும். வரலாற்றை நாவலில் மட்டும் படித்தால், நாவலாசிரியரின் கோணமே வரலாறு என்று மனத்தில் பதிந்துவிடும்.

பலரும் முதலில் சொல்வது இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லை; 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தில்லியிலிருந்து வரும் கோபால், சிவா என்ற படித்த இளைஞர்களின் கண் வழியாகக் கிராமத்தைக் காட்டுவதால் வெளியூர் வாசகருக்கு எளிதாக இருக்கும். ஆனால் நிலவுடைமையாளரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்தது, வர்க்கத்தின் குற்றத்தைத் தனிமனித நோயாகச் சுருக்கிவிட்டது என்ற கண்டனம் நாவல் வந்த காலத்திலிருந்தே உண்டு. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அதற்காக நாவலைத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நண்பர்களிடம் கொடுக்கும்போது இந்த விவாதத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், படிப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். (அதே பெயரில் 1995இல் வந்த திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இந்த நாவலை ஒட்டி எடுக்கப்பட்ட படம் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’.)

இரண்டாவதாகச் சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’. இது உங்கள் பக்கத்து மண்ணிலிருந்தே, அந்தப் பேச்சிலேயே எழுந்தது. நடவும் அறுப்பும் கூலி நெல் அளப்பதும் இதில் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள், ஒரே நிகழ்வைத் தொலைவிலிருந்து வந்தவர் எழுதுவதற்கும் அருகிலிருந்தவர் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்களே கண்டுகொள்வார்கள். ஆர்வம் மிகுந்தவர்களுக்கு ராஜம் கிருஷ்ணன் களத்தில் அலைந்து எழுதிய ‘சேற்றில் மனிதர்க’ளையும், விவசாயக் கூலிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பாதையில் பதிந்த அடிக’ளையும் சொல்லலாம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஆங்கில நாவல்களை மட்டுமே படிக்கிறாள். தமிழ் நாவல் எதைக் கொடுத்தாலும் நாலு பக்கத்தில் மூடிவிடுகிறாள்.
வாசகி, மன்னார்குடி

பதில்: தமிழ்ப் பற்றுக்காகப் படிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் படிக்காது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ என்ற சிறிய நாவலை மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்து பாருங்கள். சென்னையில் ஒரு தெருவில் ஜமுனா, சாயா என்ற சகோதரிகள் குடமும் கையுமாகத் தண்ணீருக்கு அலைகிறார்கள். வாக்கியங்கள் எளியவை, அலங்காரம் கிடையாது. ஹரித்ராநதி போன்ற தெப்பக்குளத்தைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போகிற பெண்ணுக்கு அந்தத் தெரு புதியதாக இருக்கும்.

அது சரிப்படவில்லை என்றால் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய், அவளையே தேடி எடுக்க விடுங்கள். பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊதா மை முத்திரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிறைந்து, மேலே இன்னொரு சீட்டும் ஒட்டப்பட்டிருந்தால், முன்பின் தெரியாத பலர் சேர்ந்து செய்த பரிந்துரை அது. அம்மாவின் பரிந்துரையைவிட அவள் அதை நம்பக்கூடும். உங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 1931இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்ற நூலகத்தைத் தொடங்கியவர் கனகசபைப் பிள்ளை.

கேள்வி: இரவல் போன புத்தகம் திரும்பி வர என்ன வழி?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வராது என்று எண்ணியே கொடுப்பதுதான் வழி. அட்டையில் பெயர் எழுதி வைப்பது, தொலைந்தது நம்முடையதுதான் என்று நிரூபிக்க மட்டுமே உதவுகிறது.

கேள்வி: நண்பர்கள் சிலர் மாதம் ஒரு நாவல் படித்துப் பேசலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். தமிழின் முதல் நாவல் எங்கள் ஊரில் முன்சீபாக இருந்தவர் எழுதியதாயிற்றே, அதிலிருந்தே தொடங்கலாமா?
வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஊர்ப் பற்று புரிகிறது. ஆனாலும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை முதல் மாதத்தில் வைக்காதீர்கள். 1879இல் அச்சான அந்நூல் கிளைக்கதைகளும் நீதியுரைகளுமாகச் செல்வது. இன்றைய வேகத்துக்குப் பழகியவர்களில் பாதிப்பேர் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். பேச்சைத் தூண்டும் நாவலே முதலில் தேவை. அதற்குத் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ பொருத்தமானது: காவிரிக்கரை வேத பாடசாலையில் படிப்பை முடித்து வீடு திரும்பும் அப்பு, தன் தாய் அலங்காரத்தம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்கிறான். அவளை எப்படி மதிப்பிடுவது என்பதில் நீங்கள் எல்லோரும் ஒத்துப்போனால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

மூன்று நான்கு மாதம் கழித்து, கூட்டத்துக்கு வருவது பழக்கமான பிறகு முன்சீபிடம் வாருங்கள். முழு நூலையும் கட்டாயமாக்காமல், ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு அரசாளும் பகுதியை மட்டும் அனைவரும் படித்து வரச் சொல்லலாம். நாவலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாதத்துக்கு ஒருவராகச் சுற்றி வரட்டும். தேர்ந்தெடுத்தவர் அன்றைக்குக் கடைசியில்தான் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால், பிடிக்காதவர்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வார்கள்.